எந்தப் பல் மருத்துவக் கல்லூரி என்று கேட்பவர்களுக்கு: லாக் புக்கைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேர்க்கைக் காலம் வந்தாலே உங்கள் கல்விப் பக்கத்தில் கல்லூரிகளின் தரவரிசையும் கட்டடப் படங்களும் வந்துவிடுகின்றன. பல் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "டாக்டர், ரெண்டு இடத்திலயும் சீட் கிடைச்சிருக்கு. எதுல சேர்க்கட்டும்?" என்று கேட்கிறார்கள். நான் பல் மருத்துவர். சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறேன். படிப்பை முடித்து வருகிற இளம் மருத்துவர்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறேன். செய்முறைத் தேர்வுகளுக்கு வெளித்தேர்வாளராகவும் போயிருக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் அந்தப் பக்கத்தில் ஒருபோதும் அச்சாகாத ஓர் எண்ணைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கல்லூரியில் படிக்கும் சாதாரண மாணவர் ஒருவர், வெளியே வருவதற்குள், தன் கையால் தொடங்கித் தன் கையாலேயே முடித்த வேலைகள் எத்தனை? எத்தனை பல் எடுத்தார், எத்தனை சொத்தையை அடைத்தார், எத்தனை ரூட் கேனால் முடித்தார், அதில் கடைவாய்ப் பல் எத்தனை, எத்தனை முழு பல்செட் செய்து நோயாளியின் வாயில் பொருத்தினார், எத்தனை குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார்? தங்கப் பதக்கம் வாங்கியவரின் கணக்கு எனக்கு வேண்டாம். வகுப்பின் நடுவில் இருக்கிறவரின் கணக்குப் போதும். ஒவ்வொரு கல்லூரியிலும் இது லாக் புக்கில், அதாவது மாணவர் தான் செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், ஆசிரியர் கையெழுத்தோடு இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. அதனால் யாரும் சொல்வதும் இல்லை.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், பொது மருத்துவம் படித்தவர் பட்டம் வாங்கிய மறுநாளே தனியாக நின்று ஒருவரை அறுப்பதில்லை. பல் மருத்துவர் அறுக்கிறார், துளைக்கிறார், பிடுங்குகிறார். அவர் கையில் இருக்கும் ஏரோட்டர் என்ற துளைக்கும் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம், நான்கு லட்சம் முறை சுற்றக்கூடியது. மனித உடலிலேயே கடினமான பொருள் எனாமல்தான். ஆனாலும் அந்தக் கருவியின் முன்னால் அது நொடியில் கரைகிறது. எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டால் அது திரும்ப வளராது. அந்தக் கை எங்கே பழகியது, எத்தனை முறை பழகியது, பழகும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதுதான் ஒரு பல் மருத்துவக் கல்லூரி.

மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று வேர். வேருக்கு ஒரு நரம்புக் கால்வாய் என்று மூன்றைச் சுத்தம் செய்து அடைத்தால் போதும் என்றுதான் புதிதாக வருகிறவர் நினைப்பார். ஆனால் முன்பக்கக் கன்ன வேரில் நான்காவதாக ஒரு கால்வாய் இருப்பது மிகவும் சாதாரணம். அது மெல்லியது, வாசலிலேயே பல்லின் ஒரு மேடு அதை மறைத்துக்கொண்டிருக்கும். கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவிக்கு ஃபைல் என்று பெயர். 15ஆம் எண் ஃபைலின் நுனி 0.15 மில்லிமீட்டர். அதையோ, அதைவிட மெல்லியதையோ வைத்துத்தான் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பல்லை நேராகப் பார்க்கவும் முடியாது. வாய்க்குள் வைக்கும் சிறு கண்ணாடியில் தெரியும் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்தபடி கையை நகர்த்த வேண்டும். ஃபைல் கால்வாயில் இறங்கும்போது விரல் நுனியில் ஒரு பிடிப்புத் தெரியும். அதைப் படத்தில் காட்ட முடியாது, தேர்வில் எழுத முடியாது. விட்டுப்போன கால்வாய் சில மாதங்கள் கழித்துச் சீழாக வந்து நிற்கும். நோயாளி, "ரூட் கேனால் பண்ணியும் வலிக்குதே" என்று வேறொரு மருத்துவரிடம் போய் உட்காருவார்.

என்னிடம் வேலைக்கு வருகிறவர்களிடம் மதிப்பெண் பட்டியலை நான் கடைசியாகத்தான் வாங்கிப் பார்ப்பேன். முதல் கேள்வி, "மேல் கடைவாய்ப் பல்லுக்குத் தனியாக ரூட் கேனால் முடித்திருக்கிறீர்களா?" நல்ல மதிப்பெண் வாங்கிய, புத்திசாலியான பிள்ளைகள்கூடச் சிலர் தயங்கி, "அசிஸ்ட் பண்ணியிருக்கேன் மேடம்" என்பார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும். அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. அவர்களுக்கு அந்தப் பல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

என் அண்ணன் மகளுக்கும் இதே கேள்வி வந்தது. இரண்டு கல்லூரிகளில் இடம். "அத்தை, நீங்களே வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். காலை ஒன்பதரை, பத்து மணிக்கு, வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல். சேர்க்கை அலுவலகத்துக்குப் போகவில்லை; நேராகப் புறநோயாளிப் பிரிவுக்குப் போனோம். ஓ.பி. எல்லோருக்கும் பொதுவான இடம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

முதல் கல்லூரி புதியது. ஃபேண்டம் ஹெட் கூடம் ஒன்று காட்டினார்கள். உண்மையிலேயே அருமையான கூடம். உயிருள்ள வாயைத் தொடுவதற்கு முன் பொம்மைத் தலையில் பழக வேண்டும் என்ற யோசனையை ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் 1894இல் கொண்டுவந்தார். இன்றைக்கு அது ஒவ்வொரு மாணவருக்கும் தனி விளக்கு, தனித் திரை என்று வளர்ந்திருக்கிறது. வாய்க்குள்ளேயே அளவெடுக்கும் ஸ்கேனர், பல்லுறையைக் கடைந்து தரும் இயந்திரம் எல்லாம் இருந்தன. ஓ.பி.யில் மட்டும் ஆள் இல்லை. நாற்காலிகள் வரிசையாக, உறை போட்டபடி கிடந்தன. வெள்ளை கோட் அணிந்த மாணவர்கள் கேஸ் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, பெரிய பொது மருத்துவமனையோடு சேர்ந்த பழைய கல்லூரி. நாற்காலிகளின் ரெக்ஸின் கிழிந்திருந்தது. வரிசை படிக்கட்டு வரை நின்றது. "சரி, முடிவு தெரிஞ்சுபோச்சு" என்றாள் மருமகள். அவசரப்படாதே என்றேன். கூட்டம் இருப்பதும் பாதி விஷயம்தான். அந்தக் கூட்டத்தில் யாருக்கு எந்த நோயாளி போகிறார் என்று பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்ததில் புரிந்தது. இளநிலை மாணவர்களுக்குப் போனது பெரும்பாலும் பல் எடுப்பதும் காரை நீக்குவதும்தான். கடைவாய்ப் பல் ரூட் கேனால், சிக்கலான ஞானப் பல், குழந்தைகளின் கோணல் பல் எல்லாம் முதுநிலை மாணவர்களின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. இது பல இடங்களில் நடப்பதுதான். முதுநிலைப் படிப்பு இருக்கிறது என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். நல்ல பேராசிரியர்கள் அங்கே இருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் இளநிலை மாணவருக்குக் கிடைக்க வேண்டிய கேஸ்கள் கைமாறுவதும் அதே காரணத்தால்தான். முதுநிலைப் படிப்பே இல்லாத, கூட்டம் மட்டும் நிறைய இருக்கிற சுமாரான கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்களின் கைகள், பெயர் பெற்ற இடங்களிலிருந்து வந்தவர்களின் கைகளைவிடத் தெளிவாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இரண்டு இடத்திலும் இறுதியாண்டு மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் பேசினோம். யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவர்கள் சொல்கிற பதில்தான் உண்மையான பதில். முதல் கல்லூரியில் ஒரு பெண், "கோட்டா முடிக்க நாங்களே சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர்றோம் மேடம்" என்றாள். இரண்டாவதில் ஒரு பையன், "படிக்கும்போது முன்பல்தான். ஹவுஸ் சர்ஜன் வருஷத்துல டிபார்ட்மெண்ட் போஸ்டிங்ல கடைவாய்ப் பல் கிடைக்கும்" என்று சொல்லித் தன் லாக் புக்கையே விரித்துக் காட்டினான். அதில் மேல் கடைவாய்ப் பற்கள் இருந்தன, தொடங்கிய தேதியும் முடித்த தேதியும் இருந்தன, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆசிரியர் கையெழுத்தும் இருந்தது. மருமகள் அங்கேதான் சேர்ந்தாள். ஆசிரியர் போதாவிட்டால் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், ரெக்ஸின் கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்தும் கற்றுக்கொள்ளலாம். இல்லாத நோயாளியை மாணவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

முதல் கல்லூரிப் பெண் கோட்டா என்றாள். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இத்தனை அடைப்பு, இத்தனை பல்செட் முடித்தால்தான் தேர்வு எழுதலாம் என்று கல்லூரி வைக்கும் கணக்கு அது. நோக்கம் நல்லதுதான். நோயாளிகள் வராத இடத்தில் அதுவே தீங்காக மாறுகிறது. தன் கைக்காசைக் கொடுத்து ஆள் கூட்டிவரும் மாணவர்களை நான் தேர்வாளராகப் பார்த்திருக்கிறேன். கண்காணித்தால் போதும் என்று விடவேண்டிய சிறு கறுப்புப் புள்ளியை, தேர்வுக்கு ஒரு கேஸ் வேண்டும் என்பதற்காகச் சொத்தை என்று எழுதித் துளைக்க வந்ததையும் பார்த்திருக்கிறேன். துளைக்க விடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்த நெருக்கடிதானே! தேவையில்லாமல் ஒரு பல்லைத் துளைக்கலாம் என்று இருபது வயதில் பழகிய மனம், சொந்தக் கிளினிக் வைத்துக் கடன் தவணை கட்டும்போது என்ன செய்யும் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதனால்தான் பல இடங்களில் இப்போது வெறும் எண்ணிக்கையை விட்டு, உதவி இல்லாமல் அந்த வேலையைத் தரமாகச் செய்ய முடிகிறதா என்று சோதிக்கும் முறைக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம். கல்லூரியில் எந்த முறை என்று கேளுங்கள். ஆனால் எண்ணிக்கையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தரம் என்பது திரும்பத் திரும்பச் செய்ததில்தான் வருகிறது.

இன்னொன்று, தொடங்கிய வேலையை யார் முடிக்கிறார்கள் என்பது. ஒரு முழு பல்செட்டுக்கு முதல் அளவு, பிறகு அந்த வாய்க்கென்றே செய்த தட்டில் ஓரங்களைப் பிடித்து இரண்டாவது அளவு, மேல் கீழ்த் தாடைகளின் உறவைப் பதிவது, மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்ப்பது, பொருத்துவது, அப்புறம் புண்ணாகும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது என்று நோயாளி பல முறை வர வேண்டும். மாணவருக்கோ சில வாரங்களுக்கு ஒரு முறை துறை மாறும். பாதியில் துறை மாறினால் நோயாளி வேறு கைக்குப் போவார். அளவெடுத்தவருக்குத் தன் அளவு சரியா என்று கடைசி வரை தெரியாது. பொருத்தியவருக்கு ஏன் ஆடுகிறது என்று தெரியாது. ஒரே மாணவர் ஒரு நோயாளியின் முழு வாயையும் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிக்கும் ஏற்பாடு உள்ள கல்லூரிகளும் இருக்கின்றன. என் கையில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே அப்படிப்பட்ட கல்லூரியைத் தேர்ந்தெடுப்பேன்.

நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரைப் பாருங்கள். உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் பால்டிமோரில் தொடங்கியது. அதற்கு முன்பு இந்தத் தொழிலை ஒரு மருத்துவரின் பக்கத்தில் நின்றுதான் கற்றார்கள். கல்லூரிகள் வந்த பிறகும் அந்தப் 'பக்கத்தில் நிற்பது' தேவையற்றுப் போகவில்லை. துளைத்து முடித்ததும் ஆசிரியர் வந்து தானே குனிந்து வாய்க்குள் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறாரா, மேசையில் இருந்தபடியே நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறாரா? அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஒரு வரிசைக்கே ஓர் ஆசிரியர் என்றால் நல்ல மனிதர்கூட எழுந்து வர முடியாது. இணையதளத்தில் போட்டிருக்கும் ஆசிரியர் பட்டியலை நம்ப வேண்டாம், ஓ.பி.யில் நிற்கிறவர்களை எண்ணுங்கள்.

கிருமி நீக்கத்தையும் அங்கேயே பார்க்கலாம். ஆட்டோகிளேவில் அழுத்த நீராவி 121 டிகிரி செல்சியஸ் என்றால் 15 நிமிடம், 134 டிகிரி என்றால் 3 நிமிடம் இருக்க வேண்டும். ஏற்றி, இறக்கி, ஆறவிடும் நேரம் தனி. அப்படியென்றால் வரிசை நீளமாக இருக்கும் இடத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் பல ஹேண்ட்பீஸ்கள், அதாவது துளைக்கும் கருவியின் கைப்பிடிகள், வேண்டும். ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்காரும்போது ஹேண்ட்பீஸ் மாறுகிறதா, பஞ்சால் துடைத்துவிட்டு அதுவே மீண்டும் போகிறதா? அடுத்தது ரப்பர் டேம். எச்சில் வேருக்குள் போகாமலும், கருவி தொண்டைக்குள் விழாமலும் தடுக்கும் மெல்லிய ரப்பர் விரிப்பு அது. நியூயார்க்கைச் சேர்ந்த சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் 1864இல் கொண்டுவந்தது. விலை அதிகமில்லை, மாட்டப் பொறுமை மட்டும் வேண்டும். ரூட் கேனால் நடக்கும் நாற்காலிகளில் அது தெரிந்தால் அந்தத் துறையில் ஒழுங்கு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கல்லூரியில் மாட்டிப் பழகாதவர் வெளியே வந்து மாட்டுவது அபூர்வம்.

மற்றவற்றைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இல்லை. ஸ்கேனரும் 3டி பிரிண்டரும் படிப்பு முடிந்தபின் சில வாரங்களில் கற்றுக்கொள்ளக் கூடியவை. இருந்தால் நல்லது, அதற்காக ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் பல் மருத்துவப் படிப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால், ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டில் பெரும்பாலும் அப்படியே செல்லாது, தனித் தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கருவிப் பெட்டி கட்டணத்தில் சேர்த்தியா, தனியா என்று கேளுங்கள். பிள்ளைக்கு இடது கைப் பழக்கம் என்றால் அதற்கேற்ற நாற்காலி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான்கைந்து வருடம் உடம்பைத் திருகிக்கொண்டு வேலை செய்தால் முதுகும் கழுத்தும் படிக்கும்போதே போய்விடும்.

கட்டணத்தை மட்டும் அப்படி ஒதுக்க முடியாது. பெருங்கடனோடு வெளியே வரும் இளம் மருத்துவர் முதல் நாளிலிருந்தே வருமானத்தை நினைத்து நோயாளியைப் பார்க்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்வதற்கு ஒரு மருத்துவருக்கு மனத்தெளிவு வேண்டும், கொஞ்சம் பண நிம்மதியும் வேண்டும். இரண்டு கல்லூரிகளிலும் லாக் புக் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தால், கடன் குறைவாக வரும் கல்லூரியில் தயங்காமல் சேருங்கள். பெயருக்காகக் கூடுதல் கடன் வாங்காதீர்கள். என் நாற்காலியில் வந்து உட்காரும் எந்த நோயாளியும் நான் எங்கே படித்தேன் என்று கேட்டதில்லை. வலிக்குமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இத்தனையையும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை தானாகப் போய்க் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஊரைவிட்டுத் தொலைவில் இருக்கும் கல்லூரிகளுக்கு எல்லாக் குடும்பங்களாலும் போய் வரவும் முடியாது. உங்களால் கேட்க முடியும். அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன்பு ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு பக்கப் படிவம் ஒன்றை அனுப்புங்கள். ஓ.பி.க்கு ஒரு நாளைக்கு வரும் நோயாளிகள், ஒரு வகுப்பின் மாணவர்கள், இயங்கும் நிலையில் உள்ள நாற்காலிகள், ஒவ்வொரு துறையிலும் வகுப்பின் நடுவில் இருக்கும் மாணவர் ஒருவர் முடித்த வேலைகள், அவற்றில் பயிற்சி ஆண்டில் முடித்தவை எத்தனை, ஒரு மருத்துவ ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள் என்று அதில் கேளுங்கள். வரும் பதில்களைத் தரவரிசைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பதில் அனுப்பாத கல்லூரியின் பெயருக்கு எதிரே 'பதில் வரவில்லை' என்று போடுங்கள். படிவத்தின் கேள்விகளை எழுதித் தரவும், வரும் பதில்களைப் பார்த்து எது நம்பும்படி இல்லை என்று சொல்லவும் நானும், என்னோடு தேர்வாளர்களாக இருந்த சில மருத்துவர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பல் மருத்துவர், வாசகி